கிரீன் சிக்னல் யாரு கொடுத்தது?

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து அப்பா எழுதுறேன். நலம், நலமறிய ஆவல்னு ஆரம்பிக்கலாம்தான். ஆனா நீ நல்லா இருக்கேன்னு எழுதுறப்பல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும், இவன் எதையோ மறைக்கத்தான் முதல் வரியிலயே இதைச் சொல்றான்னு. அதனால அந்தப் பேச்சே வேண்டாம். உங்கம்மா சௌக்கியம். அவளுக்குக் கோவம் உன் மேல இல்ல, என் மேல. ஒரு மாசமா என்கூடச் சரியாப் பேசுறதில்ல. சோறு போடுறா, ரசம் ஊத்துறா, தட்டை வைக்கிற சத்தத்துலயே சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிடுறா.

போன வாரம் நீ அவளுக்குப் போட்ட இன்லாண்டு லெட்டரை நான் படிச்சேன். பிரிச்சு அலமாரியில வச்சிருந்ததைத்தான் படிச்சேன், நானாப் பிரிக்கல. "ராஜபாளையத்துல பொண்ணு வீட்டுல கிரீன் சிக்னல் கொடுத்து எம்புட்டு நாளாச்சு, அப்பா ஏன் இன்னும் இழுத்தடிக்கிறார், அவருக்கு இந்த உலகத்துல எது மேலதான் சந்தேகம் இல்ல"ன்னு எழுதியிருந்த. எனக்குச் சந்தேகம் ஜாஸ்திங்கிறது வாஸ்தவம். பால்காரன் மேல சந்தேகம், தரகர் மேல சந்தேகம், கரண்டு மீட்டர் மேல சந்தேகம். ஆனா இந்த விஷயத்துல என் சந்தேகம் எது மேலன்னு உனக்குத் தெரியாது. உங்கம்மாவுக்கும் தெரியாது. இன்னிக்குச் சொல்லிடுதேன். செத்த நேரம் ஒதுக்கி, தனியா உக்காந்து படி. பக்கத்துல ரூம்காரன் இருந்தா வெளிய அனுப்பிடு.

முதல்ல அந்த வார்த்தைக்கு வாரேன். நீ மெட்ராஸ்ல காலேஜ் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் நடத்துறவன். நான் எஸ்.எஸ்.எல்.சி. படிச்சுட்டு ஆயுசுல பாதியை ஸ்டேஷன்ல சிக்னல் போட்டே கழிச்சவன். சிக்னல்ங்கிற வார்த்தை உவமையா நம்ம வீட்டுக்கு வந்ததே உன்னோட வீட்டுப்பாடத்துலதான். நீ ஒன்பதாவது படிக்கிறப்ப, ஒரு வார்த்தையைக் கொடுத்து, அதை நேரடியா ஒரு வாக்கியத்துலயும் உவமையா ஒரு வாக்கியத்துலயும் எழுதிட்டு வரச் சொன்னாங்க. நேரடியா எழுதினது சுமாரு. சிக்னல் விழாததால டிரைவர் வண்டியை நிறுத்தினார், அம்புட்டுத்தான். உவமையா என்ன எழுதியிருந்த தெரியுமா? அப்பாவோட இருமல் எங்களுக்கு ஒரு சிக்னல்னு எழுதியிருந்த. வாத்தியார் அதுக்கு ரெண்டு டிக் போட்டிருந்தார்.

நோட்டைப் பார்த்துட்டு நான் யோசிச்சேன். டூட்டி முடிஞ்சு வர்றப்ப தெரு முக்குல எனக்கு இருமல் வரும், பீடிப் புகை. அந்தச் சத்தம் கேட்டதும் வீட்டுக்குள்ள ஏதோ நடக்குதுன்னு அன்னிக்குத்தான் விளங்குச்சு. விடுவேனா? மறுநாள் இருமலை அடக்கிக்கிட்டு, செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு வந்தேன். ரேடியோவுல நாடகம் ஓடிக்கிட்டிருந்துச்சு. நீயும் உங்கம்மாவும் தரையில உருண்டு சிரிச்சுக்கிட்டிருந்தீங்க. என்னைப் பார்த்ததும் ரேடியோ நின்னுச்சு, சிரிப்பு நின்னுச்சு, நீ தலைகீழா ஒரு புஸ்தகத்தை எடுத்து வச்சுக்கிட்ட. நான் உங்களைத் திட்டல. ஆனா அதுக்குப் பிறகு தெரு முக்குல வேணும்னே பலமா இருமிட்டுத்தான் வந்தேன். சிக்னலைப் பார்த்துட்டு ஜனங்க காட்டுற முகம் வேற, அதுக்கு முந்தி இருக்குற முகம் வேறன்னு அன்னிக்குப் புரிஞ்சுக்கிட்டேன். அது மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு.

அதனால உவமையாச் சொல்லக் கூடாதுன்னு நான் சொல்லல. தாராளமாச் சொல்லு. ஆனா வார்த்தையைக் கொண்டு வர்றப்ப அதுக்குப் பின்னால இருக்குறதையும் சேர்த்துக் கொண்டாரணும். இஞ்சினை மட்டும் ஓட்டிட்டு வந்து, பெட்டியை எல்லாம் வழியில விட்டுட்டா அது ரயில் இல்ல. நீ எஸ்.டி.டி. பூத்துல இருந்து "கிரீன் சிக்னல் வந்துருச்சுப்பா, இனி உங்க பாடு"ன்னு சொன்னப்ப, பெட்டி ஒண்ணையும் காணோம்.

நம்ம லைன்ல பகல் வேளையில பச்சைங்கிறதே கிடையாது தெரியுமா? கைகாட்டி மரத்துல கை இறங்கும், அம்புட்டுத்தான். பச்சைக் கண்ணாடி ராத்திரி விளக்குக்கு. அந்தக் கை இறங்குறதும் கடைசி வேலை. நான் ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து ராஜபாளையத்துக்கு வண்டியை விடணும்னா, வண்டியை விடுறவன் நான்தான்னாலும் சம்மதம் என்னுது இல்ல. ராஜபாளையத்துக்காரர்கிட்ட மணி அடிச்சுக் கேக்கணும். அவரு பாதையைப் பார்த்து, வரலாம்னு அவரு பக்கத்துல மெஷினை அழுத்திப் பிடிச்சாத்தான் என் பக்கத்து மெஷின்ல இருந்து டோக்கன் வெளிய வரும். அந்த டோக்கனை டிரைவர் கையில கொடுக்கணும். அதுதான் லைன் கிளியர். வண்டி எங்க போய்ச் சேரணுமோ அங்க இருக்குறவங்க சொல்லணும், வா, எங்க பாதை காலியா இருக்குன்னு. பிளாட்பாரத்துல நிக்கிற ஜனம் சொன்னாச் செல்லாது. டீக்கடைக்காரர் சொன்னாச் செல்லாது. சம்பந்தம் பேசுறதுல இந்தத் தரகர் இருக்காரே, அவர் டீக்கடைக்காரர்.

என்னடா இந்த மனுஷன் ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குறாரேன்னு நினைப்ப. தொங்குறதுக்குக் காரணம் உன் கூமாப்பட்டி அத்தை. எண்பதுகளோட தொடக்கத்துல அவளுக்குக் கல்யாணம் பேசி முடிச்சப்ப நீ சின்னப்பய. கதவுக்குப் பின்னால நின்னவளை எங்கய்யா கூப்பிட்டார், அவ தலையாட்டுனா, எம்மக சம்மதிச்சுட்டான்னு சபையில சொன்னார். வெத்தலை பாக்கு மாத்தி, பந்தி போட்டாச்சு. நான் அன்னிக்கு ரெண்டு தடவை பாயசம் வாங்கிக் குடிச்சேன். பல வருஷம் கழிச்சு, ஆடிப்பூரத் தேர் பார்க்க நம்ம வீட்டுக்கு வந்தவகிட்ட ஏதோ பேச்சுவாக்குல, "அன்னிக்கு உனக்குச் சம்மதம்தானம்மா?"ன்னு கேட்டேன். அவ வெத்தலையைக் கிள்ளிக்கிட்டே சொன்னா: "நான் தலையாட்டுனது கேள்விக்கு இல்லண்ணே. அய்யா 'ஏம்மா'ன்னு கூப்பிட்டாவ, 'ம்'ன்னேன். கேள்வி பொறவுதான் வந்துச்சு. அதுக்குள்ள தட்டை மாத்திட்டாவ."

சொல்லிட்டுச் சிரிச்சா. மச்சான் தங்கமான மனுஷன்தான், தோப்பு இருக்கு, பிள்ளைங்க இருக்கு, அவ நல்லாத்தான் இருக்கேன்னு சொல்றா. அந்த "நல்லா இருக்கேன்"ல எனக்கு இன்னிக்கும் சந்தேகம்தான். அதுக்குப் பிறகு நான் யார் தலையாட்டலையும் நம்புறதில்ல.

இப்ப ராஜபாளையத்துக்கு வாரேன். போன மாசம் நீ மெட்ராஸ் திரும்பின பிறகு, பேசி முடிச்சுப் பூ வைக்கலாம்னு நானும் உங்கம்மாவும் தரகரும் வசந்தி வீட்டுக்குப் போனோம். நீ அவளைப் பார்த்தது ஒரே தடவை. அன்னிக்கு நாம காபி மட்டும்தான் குடிச்சோம். பெண் கேட்கப் போன வீட்டுல பேச்சு முடியிற வரைக்கும் கை நனைக்கக் கூடாதுங்கிறது நம்ம வழக்கம். இலையில உக்காந்து சாப்பிட்டுட்டா ஒத்துக்கிட்டோம்னு அர்த்தம். அதுக்கு மேல பின்வாங்குனா அந்தப் பொண்ணு தலையிலதான் விடியும். இந்தத் தடவை அவிய பந்திக்கே ஏற்பாடு பண்ணிட்டாவ. வசந்தியோட அப்பா பேண்டேஜ் துணிக்குத் தறி போட்டிருக்கிறவர், நல்ல வெள்ளந்தி மனுஷன். கூடத்துல இலை போட்டு, அப்பளம் பொரிக்கிற வாசனை தெரு வரைக்கும் வந்துச்சு. "எல்லாம் கிரீன் சிக்னல்தான் அண்ணாச்சி, உக்காருங்க"ன்னு தரகர் என் தோளைப் பிடிச்சு அமுக்குனார். அந்த வார்த்தையை அவர் வாயிலயும் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள்ள மணி அடிச்சுது.

கை கழுவிட்டு வாரேன்னு கொல்லைப்பக்கம் போனேன். கொல்லையை ஒட்டித்தான் தறிக்கூடம். தடதடன்னு ஒரே சத்தம், நாலடி தள்ளி நின்னாலே பேசுறது காதுல விழாது. வசந்தி செம்புல தண்ணியோட நின்னா. கையில ஊத்தச் சாய்ச்சா. நான் ரெண்டு கையையும் பின்னால இழுத்துக்கிட்டேன். தண்ணி துவைக்கிற கல்லுல விழுந்து அவ புடவையில தெறிச்சுது.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்லம்மா. ஒரு வார்த்தை கேக்கணும். கேட்டுட்டுக் கை நனைக்கிறேன்."

அவ அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தா. நான் சொன்னேன்: "உனக்கு இதுல இஷ்டமில்லன்னா இப்பவே சொல்லும்மா. நீ சொன்னன்னு ஈ காக்காய்க்குத் தெரியாது. மாப்பிள்ளைக்கு அப்பன் ஒரு கிறுக்கன், பந்தி வரைக்கும் வந்துட்டு ஏதோ குத்தம் கண்டுபிடிச்சுட்டுப் போயிட்டான்னு பேரை நான் எடுத்துக்கிடுதேன். எனக்கு அந்தப் பேரு ஏற்கனவே உண்டு, புதுசா ஒண்ணும் நஷ்டமில்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்துருச்சு, அடக்கிக்கிட்டா. செம்பைக் கல்லு மேல வச்சா. பொறவு நிமிர்ந்து என்னையவே ஒரு கேள்வி கேட்டா.

"மாமா, உங்க மகனுக்குச் சம்மதம்னு யாரு சொன்னா?"

"அவனேதாம்மா. போன்ல சொன்னான்."

"என்ன சொன்னாவ? அவிய சொன்னபடியே சொல்லுங்க."

நான் யோசிச்சுப் பார்த்துச் சொன்னேன்: "உங்களுக்குச் சம்மதம்னா எனக்கும் சம்மதம்பான்னு சொன்னான்."

"எங்கய்யா என்கிட்ட கேட்டப்ப நானும் அதேதான் சொன்னேன் மாமா. உங்களுக்குச் சம்மதம்னா எனக்கும் சம்மதம்யான்னு. உங்களுக்குச் சம்மதம்னு தரகர் இங்க சொல்லிட்டாரு. எங்கய்யாவுக்குச் சம்மதம்னு அங்க உங்ககிட்ட சொல்லியிருப்பாரு. அப்ப நாங்க ரெண்டு பேரும் எங்க சொன்னோம் மாமா?"

தம்பி, ஊரையே சந்தேகப்படுறவன் நான், இதைக் கோட்டை விட்டிருக்கேன். அந்தப் பிள்ளை மனசுல என்ன இருக்குன்னு துருவிக் கேட்கப் போனவன், எம்மகன் மனசுல என்ன இருக்குன்னு கேட்டுக்கிட்டுப் போகல. நீ சொன்னது பதிலே இல்ல, நான் கேட்டதையே எனக்குத் திருப்பி அனுப்பியிருக்க.

அவ விடல. "அன்னிக்குப் பார்க்க வந்தப்ப அவிய என்னைப் பார்க்கவே இல்ல. செவுத்துல இருக்குற காலண்டரைத்தான் பார்த்துக்கிட்டிருந்தாவ. வேண்டாம்னு சொல்ல முடியாம வந்து உக்காந்திருக்காவளோன்னு எனக்குத் தோணுச்சு. எனக்கு அவியளைப் பிடிக்காமல்லாம் இல்ல. கிளம்புறப்ப, காபித் தம்ளரை எங்க வைக்கன்னு தெரியாம, தானே உள்ள கொண்டாந்து பாத்திரம் கழுவுற அங்கணத்துல வச்சுட்டுப் போனாவ. அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. ஆனா எனக்குப் பிடிச்சா மட்டும் போதுமா?"ன்னு கேட்டா. அப்புறம் இன்னும் கிட்ட வந்து, "நான் கேட்டேன்னு எங்கய்யாட்ட சொல்லிராதீங்க. அவிய மனசு உடைஞ்சு போவாவ. உங்க மகன்ட்ட மட்டும் சொல்லுங்க. அவிய என்கிட்ட நேரா ஒரு வார்த்தை சொல்லட்டும். வேண்டாம்னாலும் சரி"ன்னா.

நான் கை நனைக்காமக் கூடத்துக்கு வந்தேன். இலையில உப்பும் ஊறுகாயும் வச்சாச்சு. "இன்னிக்கு நான் சாப்பிடுறதா இல்ல, தப்பா எடுத்துக்கிடாதீங்க"ன்னு சொன்னேன். வசந்தி அப்பா முகம் சுருங்கிப் போச்சு. "எங்க வீட்டுல என்ன குறை கண்டிய?"ன்னு கேட்டார். "குறை உங்க வீட்டுல இல்ல"ன்னேன். "பொறவு எங்க இருக்கு?"ன்னார். துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டேன். உங்கம்மா உக்காந்த இலையில இருந்து எந்திரிச்சா. அவ அப்படி அவமானப்பட்டு நான் பார்த்ததே இல்ல. பஸ்ஸுல ஸ்ரீவில்லிபுத்தூர் வர்ற வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கிட்டு வந்தா. வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டுறப்ப, "உங்க சந்தேகத்துக்கு எம்மகன் வாழ்க்கைதான் கிடைச்சுதா?"ன்னு கேட்டா. புரட்டாசி சனிக்கிழமை நம்ம ஊரை ஒட்டியிருக்குற திருவண்ணாமலைக் கோயிலுக்கு நடந்தே வர்றேன், இந்த மனுஷனுக்கு நல்ல புத்தி கொடுன்னு பெருமாளுக்கு வேண்டிக்கிட்டிருக்கா. பெருமாள் என்ன செய்வார், விஷயம் உன் கையில இருக்கு.

இதை அன்னிக்கே உனக்கு எழுதியிருக்கலாம். எழுதல. ஏன்னா எழுதினா, "சரிப்பா, சொல்லிடுதேன்"ன்னு நான் சொல்லிக் கொடுத்ததையே நீ அவகிட்ட ஒப்பிச்சுடுவியோன்னு சந்தேகம். நீயாக் கேப்ப, அப்பா என்ன நடந்துச்சு, அவ என்ன சொன்னான்னு கேப்பன்னு ஒரு மாசம் காத்துக் கிடந்தேன். அம்மாவுக்கு எழுதின, என்னைக் குத்தம் சொன்ன, அவளைப் பத்தி ஒரு வரி இல்ல. இதுக்கு நடுவுல தரகர் ஊருல கதை கட்டிட்டார், பையன் வீட்டுக்காரங்க இன்னும் கூடுதலா எதிர்பார்க்காங்க போலன்னு. கேட்டுக்கிட்டேன். பேரை எடுத்துக்கிடுதேன்னு அந்தப் பிள்ளைக்கு வாக்குக் கொடுத்திருக்கேனே. ஆனா நேத்து பஜார்ல தரகரைப் பார்த்தேன். ஆவணி பொறக்குறதுக்குள்ள ஒரு முடிவு தெரியலன்னா வசந்தி வீட்டுல செட்டியார்பட்டியில வேற இடம் பார்க்கப் போறாவளாம். இனிமே நான் உன்னைச் சோதிச்சுக்கிட்டிருந்தா அது அந்தப் பிள்ளைக்குச் செய்யிற துரோகம்.

அதனால நேராவே கேக்குறேன். உன் மனசுல வேற யாராவது இருக்காங்களா? இருந்தா இருக்கட்டும். அது எந்த ஊரு, என்ன ஜாதின்னு இப்பக் கேக்க மாட்டேன். பொறவு கேப்பேன், அது என் பிறவிக் குணம். ஆனா ஒரு பொண்ணை நடுப்பாதையில நிறுத்தி வச்சுக்கிட்டு, அப்பாவுக்குப் பயந்து சரிப்பான்னு சொல்லாத. என் இருமலைக் கேட்டதும் புஸ்தகத்தைத் தலைகீழா எடுத்தியே, அந்த மாதிரி இதையும் எடுத்திருந்தன்னா இப்பவே கீழ வச்சுடு. நான் திட்ட மாட்டேன். அன்னிக்கும் திட்டல.

ஒருவேளை ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம். நேத்து ராத்திரிச் சாப்பாட்டுல உங்கம்மாகிட்ட சும்மா ஒரு பேச்சுக்கு, "பொண்ணு பார்க்கப் போனவன் காலண்டரைப் பார்ப்பானா?"ன்னு கேட்டேன். ஒரு மாசத்துக்கு அப்புறம் அவ வாயைத் திறந்து முழுசா ஒரு வாக்கியம் பேசினா: "நீங்க மட்டும் என்னைப் பார்த்தீங்களாக்கும்? எங்க வீட்டுத் தூணைத்தான் பார்த்தீங்க. தூணைக் கட்டிக்கிட வந்திருக்காரு போலன்னு எங்கக்கா கேலி பண்ணுனா." எனக்கு அது ஞாபகமே இல்ல. அப்படி நீ என்னை உரிச்சு வச்சுப் பொறந்ததாலதான் காலண்டரைப் பார்த்தன்னா, சந்தோஷம். ஆனா அதை நான் நம்பிப் பிரயோஜனமில்ல. அவ நம்பணும்.

ஆகையால இந்தக் கடிதத்துக்கு எனக்குப் பதில் போடாத. போட்டாலும் நான் நம்ப மாட்டேன். அவளுக்கு எழுது, இல்லன்னா லீவு போட்டுட்டு நேரா ராஜபாளையத்துல போய் இறங்கு. தறிச் சத்தம் இருக்கு, நீங்க பேசுறது யாருக்கும் கேக்காது. ஆமான்னாலும் இல்லைன்னாலும் உன் வாயால சொல்லு. "உங்களுக்குச் சம்மதம்னா"ன்னு மட்டும் ஆரம்பிச்சுராத, அந்த வாக்கியம் அவளுக்கு ஏற்கனவே தெரியும். அவ எனக்குச் சொல்லி அனுப்பட்டும். அவகிட்ட இருந்து வார்த்தை வந்தா உங்கம்மாவைக் கூட்டிக்கிட்டு மறுநாளே போறேன், வசந்தி அப்பா கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேக்குறேன், அந்தக் கொல்லையில அவ ஊத்துற தண்ணிக்கு ரெண்டு கையையும் நீட்டுறேன்.

அது வரைக்கும் யாரு என்ன பேசினாலும் சரி, உங்கம்மா தட்டை எம்புட்டுச் சத்தமா வச்சாலும் சரி, என் கை காஞ்சேதான் இருக்கும்.

அப்பா